எதிர் மாறல் கணக்கு: எந்தக் கேள்விக்கு எந்த முறை?

இரண்டு அளவுகள் மாறினாலும் அவற்றின் பெருக்கற்பலன் மாறாமல் இருப்பதே எதிர் மாறல். அந்தக் கணக்கைத் தீர்க்க ஆறு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: மாறிலியைக் கண்டுபிடித்துச் செய்வது, இரண்டு பெருக்கற்பலன்களைச் சமன்படுத்துவது, விகிதசமன் எழுதிக் குறுக்கே பெருக்குவது, பெருக்கல் காரணி, அலகு முறை, வரைபடம். நேரடியான கணக்கில் ஆறும் ஒரே விடையைத்தான் தரும். அதனால் பலரும் முதலில் கற்ற முறையையே கடைசிவரை கையில் வைத்திருக்கிறார்கள். கேள்வியில் ஒரு வர்க்கமோ, ஒரு சதவீதமோ, ஓர் அளவெடுப்புப் பிழையோ நுழையும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஒரு முறை இரண்டே வரியில் முடிப்பதை இன்னொன்று அரைப் பக்கத்துக்கு நீட்டும். சில இடங்களில் ஒரு முறை தவறான விடையைச் சந்தேகமே எழாதபடி கொடுத்துவிடும்.

இந்தக் கட்டுரையில் முதல் அளவு ப, அதற்கு எதிர் மாறலில் இருக்கும் அளவு ம, மாறிலி க. பாடநூல்களில் எழுத்துகள் வேறாக இருக்கலாம், உறவு இதுதான்:

ம = க ÷ ப, அதாவது ப × ம = க

முறைக்கு முன்னால் ஒரு சோதனை

‘ஒன்று கூடினால் மற்றது குறையும்; ஆகவே எதிர் மாறல்’ என்று தொடங்கினால், எந்த முறையும் காப்பாற்றாது. இந்த அட்டவணையைப் பாருங்கள்.

ப: 1, 2, 3, 4
ம: 12, 10, 8, 6

ப கூடுகிறது, ம குறைகிறது. கடைசி இரண்டு சோடிகளை மட்டும் பெருக்கினால் 3 × 8 = 24, 4 × 6 = 24. பொருந்திவிட்டது என்று இங்கேயே நிறுத்துபவர்கள் உண்டு. முதல் இரண்டையும் பெருக்கினால் 12, 20. பெருக்கற்பலன் மாறுகிறது. இது ம = 14 − 2ப என்ற நேர்கோடு; எதிர் மாறலே இல்லை. ஆகவே கொடுத்திருக்கும் எல்லாச் சோடிகளையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். நான்கு சோடிகள் என்றால் நான்கு பெருக்கல். அரை நிமிட வேலை.

மறுபக்கமும் உண்டு. ம = −12 ÷ ப என்பது முறையான எதிர் மாறல். ப 1, 2, 3 என்று கூடும்போது ம −12, −6, −4 என்று அதுவும் கூடுகிறது. மாறிலி எதிர்க்குறியில் இருந்தால் ‘கூடினால் குறையும்’ என்ற வாய்பாடு எடுபடாது. எதிர் மாறலுக்கு அடையாளம் ஒன்றுதான்: பெருக்கற்பலன் மாறாமல் இருப்பது.

கேள்வியிலேயே ‘எதிர் மாறலில் உள்ளது’ என்று சொல்லியிருந்தால் இந்தச் சோதனை தேவையில்லை. ஆனால் எதற்கு எதிர் மாறல் என்பதை விரல் வைத்துப் படிக்க வேண்டும். ப-க்கா, ப-யின் வர்க்கத்துக்கா, வர்க்கமூலத்துக்கா, (ப + 3)-க்கா? விடை தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் பெருக்கல் பிழை அல்ல, இந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போனதுதான்.

ஒரே கணக்கை ஐந்து வழியில்

ப = 8 ஆக இருக்கும்போது ம = 15. ப = 20 ஆனால் ம எவ்வளவு?

மாறிலி முறை: க = 8 × 15 = 120. ம = 120 ÷ 20 = 6.

பெருக்கற்பலன் சமன்: 8 × 15 = 20 × ம. ஆகவே ம = 6.

விகிதசமன்: 8 : 20 = ம : 15. குறுக்கே பெருக்கினால் 20ம = 120; ம = 6.

பெருக்கல் காரணி: ப 20/8 மடங்கு, அதாவது 5/2 மடங்கு ஆகியிருக்கிறது. எனவே ம 2/5 மடங்காகும். 15 × 2/5 = 6.

அலகு முறை: ப = 8-க்கு 15 என்றால், ப = 1-க்கு 15 × 8 = 120. ப = 20-க்கு 120 ÷ 20 = 6.

மாறிலி முறையும் அலகு முறையும் உண்மையில் ஒன்றே. ப = 1 ஆக இருக்கும்போது ம-வின் மதிப்புதான் க. அலகு முறையில் ‘ஒருவர் மட்டும் செய்தால் 120 நாள்’ என்று வாயால் சொல்கிறோம்; மாறிலி முறையில் க = 120 என்று எழுதுகிறோம். இது புரிந்துவிட்டால் க என்பது எங்கிருந்தோ வந்த எழுத்தாகத் தெரியாது. பெருக்கற்பலன் சமன் என்பதும் மாறிலி முறைதான். க-வுக்குப் பெயர் வைக்காமல் இரண்டு பக்கமும் எழுதிவிடுகிறோம், அவ்வளவே. விகிதசமன் அதையே வகுத்து எழுதுகிறது. தனித்து நிற்பவை இரண்டு: பெருக்கல் காரணியும் வரைபடமும். காரணி முறை மதிப்பைப் பார்க்காமல் மாற்றத்தை மட்டும் பார்க்கிறது. வரைபடம் எல்லாச் சோடிகளையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது.

மாற்றம் மட்டும் கேட்டால்: பெருக்கல் காரணி

‘வேகம் 25 சதவீதம் கூடினால் பயண நேரம் எத்தனை சதவீதம் குறையும்?’ இதில் வேகமும் இல்லை, நேரமும் இல்லை, தூரமும் இல்லை. மாறிலி முறையில் செய்ய வேண்டுமானால் தூரம் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். காரணி முறையில் நேராகப் போகலாம்: வேகம் 5/4 மடங்கு, எனவே நேரம் 4/5 மடங்கு, எனவே 20 சதவீதக் குறைவு.

‘25 சதவீதம் குறையும்’ என்ற விடை எங்கும் காணக்கூடிய தவறு. கூடியதும் குறைந்ததும் வெவ்வேறு அடிப்படை அளவில் கணக்கிடப்படுவதால் சதவீதம் சமமாக வராது. மனக்கணக்குக்கு ஒரு விதி உண்டு: ஓர் அளவு தன்னில் 1/4 பங்கு கூடினால், எதிர் அளவு தன்னில் 1/5 பங்கு குறையும். 1/2 கூடினால் 1/3 குறையும். 1/10 கூடினால் 1/11, அதாவது ஏறத்தாழ 9.09 சதவீதம், குறையும். கூடும்போது கீழெண்ணில் ஒன்றைச் சேர்க்கவும். முதல் அளவு குறையும்போது கீழெண்ணில் ஒன்றைக் கழிக்கவும். வேகம் 1/5 குறைந்தால் நேரம் 1/4 கூடும்.

காரணி முறையின் முழு வலிமை வர்க்கம் வரும்போது தெரியும். புள்ளி போன்ற ஓர் ஒளிமூலத்திலிருந்து 2 மீட்டர் தொலைவில் ஒளிர்வு 90 லக்ஸ். 3 மீட்டரில் எவ்வளவு? தொலைவு 3/2 மடங்கு; ஒளிர்வு தொலைவின் வர்க்கத்துக்கு எதிர் மாறலில் இருப்பதால் (2/3)² = 4/9 மடங்கு. 90 × 4/9 = 40 லக்ஸ். வர்க்கத்தை மறந்தவருக்கு 60 வரும். அலகு முறைக்காரர் இங்கேதான் சறுக்குவார்: ‘2 மீட்டரில் 90 என்றால் 1 மீட்டரில் 180’ என்று பழக்கத்தில் எழுதிவிடுவார். 1 மீட்டரில் 90 × 4 = 360 லக்ஸ். அலகு முறை தவறான முறை அல்ல. ஆனால் ‘ஒன்றுக்கு இவ்வளவு’ என்று சொல்லிப் பழகிய நாக்கு வர்க்கத்தைக் கேட்காமலே ஓடிவிடும்.

பெரிய எண்கள் வரும் இடத்திலும் காரணி முறையே மேல். நியூட்டன் 1687இல் வெளியிட்ட ஈர்ப்பு விதிப்படி ஈர்ப்பு, தொலைவின் வர்க்கத்துக்கு எதிர் மாறலில் இருக்கிறது. தரையிலிருந்து 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் என்ன? மாறிலி முறையில் போனால் பூமியின் நிறை, ஈர்ப்பு மாறிலி என்று பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்ட வேண்டும். காரணி முறையில் பூமியின் ஆரம் ஏறத்தாழ 6,370 கிலோமீட்டர் என்பது தெரிந்தால் போதும். தொலைவு 6,370-லிருந்து 6,770 ஆகிறது. (6370 ÷ 6770)² ≈ 0.885. 9.8 × 0.885 ≈ 8.7 மீட்டர்/விநாடி². தொலைவு பூமியின் மையத்திலிருந்து அளக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். தரையிலிருந்து அளந்தால் தரையிலேயே ப = 0 ஆகி, கணக்கு தொடங்குமுன்னே உடைந்துவிடும். சுழி எங்கே இருக்கிறது என்ற இந்தக் கேள்வி பின்னால் மறுபடியும் வரும்.

பல அளவுகள் சேர்ந்து மாறும் கலப்பு மாறலிலும் காரணிகளை வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போகலாம். ஒரே உலோகக் கம்பியின் மின்தடை நீளத்துக்கு நேர் மாறலிலும் விட்டத்தின் வர்க்கத்துக்கு எதிர் மாறலிலும் இருக்கிறது. 20 மீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் விட்டம் உள்ள கம்பிக்கு 3 ஓம். அதே உலோகத்தில் 40 மீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் விட்டம் என்றால்:

3 × (40/20) × (2/3)² = 3 × 2 × 4/9 = 8/3 ≈ 2.67 ஓம்

நீளம் நேர் மாறல் என்பதால் புதியது மேலே, பழையது கீழே. விட்டம் எதிர் மாறல் என்பதால் பழையது மேலே, புதியது கீழே. எதை மேலே போடுவது என்று குழம்பினால் ‘இந்த மாற்றத்தால் விடை கூடுமா, குறையுமா?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். கூடும் என்றால் காரணி ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும். குறையும் என்றால் ஒன்றுக்குக் கீழ். 12 பேர் நாளுக்கு 8 மணி நேரம் உழைத்து 15 நாளில் முடிக்கும் வேலையை 10 பேர் நாளுக்கு 9 மணி நேரம் செய்தால்: ஆள் குறைந்ததால் நாள் கூடும், 12/10, நேரம் கூடியதால் நாள் குறையும், 8/9. 15 × 12/10 × 8/9 = 16 நாள்.

காரணி முறையில் இன்னொரு வசதி, அலகுகள் தாமாகவே அடிபட்டுப் போவது. நீளம் இரண்டும் மீட்டரில், விட்டம் இரண்டும் மில்லிமீட்டரில் இருந்தால் போதும். நீளத்தையும் விட்டத்தையும் ஒரே அலகுக்குக் கொண்டுவரத் தேவையில்லை. மாறிலி முறையில் க-வுக்கே ஓர் அலகு உண்டு. ஒளிக் கணக்கில் மீட்டரில் 360 ஆக இருந்த க, தொலைவைச் சென்டிமீட்டரில் எடுத்தால் 36,00,000 ஆகும். ஒரு வரியில் மீட்டரும் அடுத்த வரியில் சென்டிமீட்டரும் கலந்துவிட்டால் விடை பத்தாயிரம் மடங்கு தள்ளிப் போகும்.

காரணி முறை கைவிடும் இடங்கள்: மாறிலி முறை

ஒரே கேள்விக்கு ஒரே விடை என்றால் காரணி. ஆனால் ப = 5, 6, 12, 25 என்று அடுக்கடுக்காக மதிப்பு கேட்டால், ஒவ்வொரு முறையும் காரணி போடுவது வீண் உழைப்பு. க = 120 என்று ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் நான்கு வகுத்தல்தான்: 24, 20, 10, 4.8. சமன்பாட்டை எழுதச் சொன்னாலும், ம கொடுத்து ப கேட்டாலும் இதே வழி.

இதைவிட முக்கியமான காரணம் வேறு. பகுதி நிலையாகவும் பகுதி எதிர் மாறலாகவும் இருக்கும் கணக்குகளில் மாறிலி முறை மட்டுமே நிற்கும். ‘ம-வின் ஒரு பகுதி மாறாதது, மறுபகுதி ப-க்கு எதிர் மாறலில் உள்ளது. ப = 2 எனில் ம = 14; ப = 5 எனில் ம = 8. ப = 10 எனில் ம என்ன?’

பெருக்கினால் 28, 40, சமமில்லை. காரணி, விகிதசமன், பெருக்கற்பலன் மூன்றும் இங்கே ஒதுங்கிக்கொள்ளும். மாறாத பகுதியை ந என்று வைத்தால் ம = ந + க/ப.

ந + க/2 = 14
ந + க/5 = 8

கழித்தால் க × 3/10 = 6; க = 20; ந = 4. ப = 10 எனில் ம = 4 + 2 = 6. இரண்டு தெரியாத அளவுகள் இருப்பதால் இரண்டு சோடி தேவை. கேள்வியில் இரண்டு முழுச் சோடிகள் கொடுத்திருந்தாலே ‘இது வெறும் எதிர் மாறல் அல்ல’ என்று சந்தேகப்படலாம். வெறும் எதிர் மாறலுக்கு ஒரு சோடி போதுமே.

ம, (ப + 3)-க்கு எதிர் மாறலில் இருந்தால் அந்த அடைப்பையே ஒரே அளவாக எடுத்துக்கொள்ள வேண்டும். ப = 5 எனில் ம = 6 என்றால் க = 8 × 6 = 48. ப = 9 எனில் ம = 48 ÷ 12 = 4. இதில் காரணியும் போடலாம், ஆனால் 5/9 அல்ல, 8/12. அவசரத்தில் 5/9 போடுகிறவர்கள் அதிகம் என்பதால், இப்படிப்பட்ட கேள்விக்கு மாறிலியை எழுதிச் செய்வதே பத்திரம்.

மாறிலி உண்மையிலேயே மாறாமல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே தூரத்தைப் போகும்போது மணிக்கு 40 கிலோமீட்டர், திரும்பும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் சராசரி வேகம் 50 அல்ல. ஒவ்வொரு பகுதிக்கும் மாறிலி தூரம்தான். அதை 120 கிலோமீட்டர் என்று எடுத்தால் போக 3 மணி, திரும்ப 2 மணி; 240 ÷ 5 = 48. வேகத்துக்கும் நேரத்துக்கும் எதிர் மாறல் இருப்பதால், இங்கே கூட்டிப் பாதியாக்கும் சராசரி செல்லாது. இசைச் சராசரிதான் (1 ÷ வேகம் என்பதன் சராசரியைத் தலைகீழாக்கினால் கிடைப்பது) வரும்.

இரண்டு அளவுமே தெரியாதபோது: பெருக்கற்பலன் சமன்

மேலோட்டமாகப் பார்த்தால் இந்த முறைக்கும் மாறிலி முறைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு வகைக் கணக்கில் இது மற்ற எல்லாவற்றையும் மிஞ்சும்: மதிப்புகள் தெரியாது, கூடிய அளவும் குறைந்த அளவும் மட்டும் தெரியும்.

‘வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் கூடினால் பயணம் 1 மணி நேரம் குறைகிறது. வேகம் 10 கிலோமீட்டர் குறைந்தால் பயணம் 1 மணி 40 நிமிடம் நீள்கிறது. தூரம் எவ்வளவு?’

வேகம் ப, நேரம் ம. தூரம் மூன்று நிலையிலும் ஒன்றே.

ப × ம = (ப + 10)(ம − 1)
ப × ம = (ப − 10)(ம + 5/3)

விரித்தால் இரண்டு பக்கமும் பம அடிபட்டுப் போகும். எஞ்சுவது 10ம − ப = 10 என்றும் (5/3)ப − 10ம = 50/3 என்றும் இரண்டு நேரியல் சமன்பாடுகள். கூட்டினால் (2/3)ப = 80/3; ப = 40, ம = 5, தூரம் 200 கிலோமீட்டர். மாறிலியைத் தனி எழுத்தாக வைத்து நேரங்களைப் பின்னமாக எழுதியிருந்தால், கீழெண்ணில் ப + 10, ப − 10 வந்து, பொதுக் கீழெண் எடுத்து, வேலை இருமடங்காகியிருக்கும். கூடினது குறைந்தது என்று பேசும் கேள்வியைப் பெருக்கல் வடிவிலேயே வைத்திருங்கள், பின்னமாக்காதீர்கள். 1 மணி 40 நிமிடத்தை 1.4 என்று எழுதுவது இந்தக் கணக்கின் வழக்கமான பொறி. அது 5/3 மணி.

விகிதசமனைக் கடைசியில் வைக்கலாம்

விகிதசமன் முறையில் கணக்கு தவறில்லை, அமைப்பில்தான் ஆபத்து. நேர் மாறலில் ப₁ : ப₂ = ம₁ : ம₂. எதிர் மாறலில் ப₁ : ப₂ = ம₂ : ம₁. தலைகீழாக்க மறந்தால் நம் முதல் கணக்கில் 8 : 20 = 15 : ம என்றாகி ம = 37.5 வரும். குறுக்குப் பெருக்கல் ஒழுங்காக நடக்கும், எண் ஒழுங்காக வரும், தவறு எங்கும் உறுத்தாது. பெருக்கற்பலன் சமனில் இந்தத் தவறுக்கு இடமே இல்லை. ஒரே சோடியில் உள்ளவற்றைத்தானே பெருக்குகிறோம். நேர் மாறலில் நன்கு பழகியவர்கள் எதிர் மாறலில் தடுமாறுவதற்கு இந்த முறையே பெரும் காரணம். ஆசிரியர் விகிதமாக எழுதச் சொன்னால் எழுதலாம். தானாகத் தேர்ந்தெடுக்க ஒரு காரணமும் தெரியவில்லை.

அலகு முறையை இந்த அளவுக்கு ஒதுக்க வேண்டாம். ஆள்–நாள், குழாய்–நேரம் போன்ற கணக்குகளை முதன்முதலாகச் செய்பவருக்கு அதைவிடத் தெளிவான வழி இல்லை. ‘ஒருவர் செய்தால் எத்தனை நாள்’ என்ற இடைப்படிக்கு ஒரு பொருள் இருக்கிறது. நினைத்துப் பார்க்க முடிகிறது. வர்க்கம் வந்ததும் விட்டுவிட வேண்டும்.

அளந்தெடுத்த எண்கள் என்றால்: வரைபடம்

பாடக் கணக்கில் ப × ம துல்லியமாகச் சமமாக வரும். ஆய்வகத்தில் வராது. வெப்பநிலை மாறாமல் இருக்கும்போது ஒரு வாயுவின் அழுத்தமும் பருமனும் எதிர் மாறலில் இருக்கும் என்பது 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. அந்தச் சோதனையில் இப்படி அளவுகள் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்:

பருமன் (மில்லிலிட்டர்): 10, 12, 15, 20
அழுத்தம் (கிலோபாஸ்கல்): 121, 99, 81, 59

பெருக்கற்பலன்கள் 1210, 1188, 1215, 1180. பருமன் 8 ஆனால் அழுத்தம் என்ன? முதல் சோடியை மட்டும் பிடித்தால் 151.25, கடைசிச் சோடியைப் பிடித்தால் 147.5. ஒரே சோடியிலிருந்து க எடுத்தால் அந்தச் சோடியின் பிழை முழுவதும் விடைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான்கின் சராசரி 1198.25, விடை ஏறத்தாழ 149.8.

எந்தச் சோடியை அதிகம் நம்புவது என்பது பிழை எந்த அளவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அழுத்தத்தில் 1 கிலோபாஸ்கல் பிழை என்றால், பருமன் 20-ல் பெருக்கற்பலன் 20 அலகு நகரும். பருமன் 10-ல் 10 அலகுதான். பருமனைப் படிப்பதில் அரை மில்லிலிட்டர் பிழை என்றால் நிலைமை தலைகீழ்: 10-ல் அது 5 சதவீதம், 20-ல் 2.5 சதவீதம்.

வரைபடம் போடும்போது ப-யைக் கிடையிலும் ம-வைச் செங்குத்திலும் வைத்தால் செவ்வக அதிபரவளையம் என்ற வளைவரை கிடைக்கும். அழகாக இருக்கும்; கணக்குக்கு அவ்வளவாக உதவாது. அச்சுகளை ஒட்டிப் போகும் இடங்களில் மதிப்பைப் படிப்பது கடினம். வளைவரை சரியான அதிபரவளையமா, அதைப்போலத் தோன்றும் வேறொன்றா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. கிடை அச்சில் ப-க்குப் பதில் அதன் தலைகீழி 1/ப-யை எடுங்கள். எதிர் மாறல் என்றால் புள்ளிகள் ஆதிவழிச் செல்லும் நேர்கோட்டில் விழும். அந்தக் கோட்டின் சாய்வே க. நேர்கோடா இல்லையா என்பதைக் கண் உடனே கண்டுபிடிக்கும்.

கோடு ஆதியைத் தொடாமல் போனால் அதிலும் செய்தி இருக்கிறது. அழுத்தமானிகள் பொதுவாக வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் உள்ள மிகையை மட்டுமே காட்டும். வளிமண்டல அழுத்தத்தை 100 கிலோபாஸ்கல் என்று எடுத்துக்கொள்வோம் (துல்லியமாக 101.3). 6 லிட்டர் வாயுவுக்கு மானி 200 காட்டுகிறது; 4 லிட்டராக அழுத்தினால் எவ்வளவு காட்டும்? 200 × 6/4 = 300 என்பது தவறு. உண்மை அழுத்தம் 300; அது 300 × 6/4 = 450 ஆகும்; மானி காட்டுவது 350.

இதே வாயுவுக்கு மானி அளவுகளை வரிசையாக எடுத்தால்:

பருமன்: 9, 6, 4, 3
மானி: 100, 200, 350, 500

பெருக்கற்பலன்கள் 900, 1200, 1400, 1500. எதிர் மாறல் இல்லை என்று தூக்கி எறியத் தோன்றும். 1/பருமன் எடுத்து வரைந்தால் புள்ளிகள் பிசகாமல் ஒரு நேர்கோட்டில் நிற்கும், சாய்வு 1800, செங்குத்து அச்சை −100-ல் வெட்டும். எதிர் மாறல் இருக்கிறது, சுழிதான் இடம் மாறியிருக்கிறது என்பதை அந்த −100 சொல்லிவிடுகிறது. மேலே பார்த்த ம = ந + க/ப வடிவம்தான் இது; ந = −100. பெருக்கற்பலன் சோதனை ‘இல்லை’ என்று மட்டும் சொல்லும் இடத்தில் வரைபடம் ‘ஏன் இல்லை’ என்பதையும் சொல்கிறது. அளந்தெடுத்த தரவுக்கு இதை விட்டு வேறு முறைக்குப் போகக் கூடாது.

அடுக்கு எவ்வளவு என்பதே தெரியாவிட்டால் மடக்கை எடுக்கலாம். ப = 1, 2, 4, 6; ம = 144, 36, 9, 4. பெருக்கற்பலன் 144, 72, 36, 24 என்று குறைந்துகொண்டே போகிறது. ப இருமடங்கானதும் ம நான்கில் ஒன்றாவதைப் பார்த்தாலே வர்க்கம் என்று ஊகிக்கலாம். ப² × ம எல்லா இடத்திலும் 144. எண்கள் இவ்வளவு எளிதாக அமையாதபோது, ப-யின் மடக்கையைக் கிடையிலும் ம-வின் மடக்கையைச் செங்குத்திலும் வைத்தால் கோட்டின் சாய்வு அடுக்கைக் கொடுக்கும். இங்கே முதல் இரண்டு புள்ளிகளில் (1.556 − 2.158) ÷ 0.301 = −2.

தேர்வறையில்

நேரம் குறைவு, முறை உங்கள் விருப்பம் என்றால் கேள்வியின் வாய்மொழியே வழிகாட்டும். ‘எத்தனை மடங்கு’, ‘எத்தனை சதவீதம்’ என்றால் காரணி. ‘சமன்பாட்டை எழுதுக’, ‘அட்டவணையை நிரப்புக’, ‘ஒரு பகுதி மாறாதது’ என்றால் மாறிலி. ‘இவ்வளவு கூடினால் இவ்வளவு குறைகிறது’ என்றால் பெருக்கற்பலன் சமன். படிகளுக்கு மதிப்பெண் உண்டு என்றால், காரணி முறையில் மனதுக்குள் செய்து முடித்துவிட்டு, தாளில் மாறிலி முறையாக எழுதுவது நல்லது; ம = க/ப என்ற வரியும் க-வின் மதிப்பும் தனித்தனிப் படிகளாகத் தெரியும். ஒன்றே ஒன்றைத்தான் கற்க முடியும் என்றாலும் மாறிலி முறையைக் கற்கலாம். மெதுவாக இருந்தாலும் எந்தக் கேள்வியிலும் நடுவழியில் விடாது.

எழுதி முடித்ததும் இரண்டு பார்வை போதும். விடை பழைய மதிப்பைவிடக் கூட வேண்டிய இடத்தில் கூடியிருக்கிறதா? புதிய சோடியைப் பெருக்கினால் பழைய பெருக்கற்பலனே வருகிறதா? முதல் கணக்கில் 37.5 எழுதியவர் 20 × 37.5 = 750 என்று பார்த்திருந்தால், 120-க்கு ஏன் இவ்வளவு தூரம் என்று அங்கேயே நின்றிருப்பார். வர்க்கம் உள்ள கணக்கில் இந்தச் சரிபார்ப்பிலும் வர்க்கம் வேண்டும்: 3² × 40 = 360, 2² × 90 = 360.